உள்ளே வைத்த பொட்டு

அக்டோபர் 1, புதன். ஆயுத பூஜை

வெறும் வயிற்றில் 138.

மருந்துக் கம்பெனிக்காரர் ஒருவர் டாக்டருக்குக் கொடுத்த டைரி இது. டாக்டர் என்னிடம் தள்ளிவிட்டார். தினமும் காலையில் சர்க்கரை அளவை எழுதினால் போதும் என்றார். பேனாவைத் திறந்துவிட்டால் ஒரு நம்பரோடு நிறுத்த எனக்கு வரவில்லை. ஆஸ்பத்திரி லாக்புக்கில் முப்பத்தோரு வருடமாக 'பார்க்கப்பட்டது', 'சரிசெய்யப்பட்டது' என்று எழுதியே சலித்துப் போயிருக்கிறேன். இதிலாவது வளவளவென்று எழுதிக்கொள்கிறேன், யார் கேட்கப் போகிறார்கள்?

இன்று எலக்ட்ரிக்கல் ரூமில் பூஜை. மெயின்டனன்ஸ் ஆபீசர் தாணுமூர்த்தி சார் பட்டு வேட்டியில் வந்து தேங்காய் உடைத்தார். ஜெனரேட்டர், லிஃப்ட் மோட்டார், ஏணி, ஸ்பேனர், டிரில்லிங் மெஷின் எல்லாவற்றுக்கும் பொட்டு. சந்தனம் கடைப்பொடி இல்லை. என் மனைவி கோமதி நேற்றுச் சாயங்காலம் உட்கார்ந்து கல்லில் இழைத்து, பன்னீர் விட்டுக் குழைத்துக் கொடுத்தது. இழைத்து முடித்ததும், "கை போச்சு. உங்க மெஷினுக்கெல்லாம் நான்தான் மருமவளா?" என்று கேட்டாள்.

வாசலில் பேட்டரி காரைத் துடைத்து, வாழைக்கன்று கட்டி நிறுத்தியிருந்தாள் ஜெபக்கனி. அவள்தான் அந்த வண்டிக்கு டிரைவர். மெயின் கேட்டிலிருந்து டயாலிசிஸ் பிளாக் வரை முக்கால் கிலோமீட்டர் இருக்கும். நடக்க முடியாதவர்களை அதில் ஏற்றி இறக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் ஓடுகிற நிலையில் இருக்கும் பேட்டரி கார் அது ஒன்றுதான்.

எல்லோரும் வண்டியின் முகப்பில் ஒரு பொட்டை வைத்துவிட்டுச் சுண்டலுக்குப் போய்விட்டார்கள். எனக்கு அது பொறுக்கவில்லை. முகப்பா வண்டியை இழுக்கிறது? சீட்டைத் தூக்கி எட்டு பேட்டரிக்கும் எட்டுப் பொட்டு வைத்தேன். மோட்டாருக்கு ஒன்று. வண்டியை முன்னே பின்னே போக வைக்கும் லீவரின் டப்பாவையும் நாலு ஸ்க்ரூவைக் கழற்றித் திறந்தேன். உள்ளே செம்புத் தகடுகள் புதுசு மாதிரி பளபளத்தன. நடுவில் இருக்கும் பிளாஸ்டிக் குமிழில் மோதிர விரலால் நிறையச் சந்தனம் எடுத்து ஒரு பொட்டு, அதன் மேல் குங்குமம். அழகாக இருந்தது. இன்னொருவனுக்குத் தோன்றுமா இது!

ஜெபக்கனி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். சர்ச்சுக்குப் போகிறவள், ஆனாலும் பூஜை என்றால் முகம் சுளிக்கிற ஆள் இல்லை. சார் "ஏத்தும்மா" என்றதும் லீவரை முன்னால் தள்ளி, நாலு சக்கரத்துக்கும் நாலு எலுமிச்சம்பழத்தை ஒரே நேரத்தில் நசுக்கினாள். எல்லோரும் கை தட்டினோம். மனசுக்கு நிறைவான நாள்.

அக்டோபர் 4, சனி

141. காலையில் பேட்டரி கார் ஒரு நிமிஷம் முரண்டு பிடித்ததாம். சாவியைத் திருப்பிப் பெடலை மிதித்தால் சீட்டுக்கு அடியில் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கும். சோலினாய்டு என்று ஒரு தடித்த சுவிட்ச் ஒட்டிக்கொள்கிற சத்தம் அது. அந்த டக் வந்தால்தான் மோட்டாருக்குக் கரண்ட் போகும். இன்று முதல் மிதிக்கு டக் வரவில்லை, மறு மிதிக்கு வந்தது என்றாள் ஜெபக்கனி. வந்துவிட்டதல்லவா, பிறகு என்ன என்றேன்.

அக்டோபர் 7, செவ்வாய்

வண்டி நின்றுவிட்டது. டயாலிசிஸ் பிளாக்குக்கு ஏறுகிற ரேம்ப்பில், சரியாக நடுவில்.

வண்டியில் வடிவு டீச்சர் இருந்தார். ரிட்டயர்டு கணக்கு டீச்சர், அறுபத்தாறு வயது. செவ்வாய், வியாழன், சனி காலை ஏழு மணிக்கு டயாலிசிஸ். தனியாகவே பஸ்ஸில் வந்து தனியாகவே திரும்புகிறவர். நான் போவதற்குள் வீல்சேர் வந்து அவரை ஏற்றிப் போய்விட்டது. "பேச்சிமுத்து தம்பி, உங்க வண்டி இன்னைக்கு லீவு கேக்குது" என்று சிரித்தபடியே போனார். கால் இரண்டும் வீங்கியிருந்தன.

எட்டு பேட்டரிக்கும் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி, எல்லா முனைகளையும் இறுக்கினேன். குனிந்து நிமிர்ந்ததில் முழங்கால் கழன்றுவிடும் போல வலித்தது. கடைசியில் வண்டி போனது.

"அண்ணாச்சி, நிக்கும்போது லீவர முன்னுக்கும் பின்னுக்கும் நாலு தரம் ஆட்டுனா போவுது. அந்த டப்பாவ ஒருக்காத் தொறந்து பாக்கியளா?" என்று கேட்டாள் ஜெபக்கனி.

"அதப் பூஜையன்னைக்குத்தான நான் தொறந்து பாத்தேன். கண்ணாடி மாதிரி இருந்துது. நீ லீவரப் போட்டு ஆட்டாத."

அவள் அடுத்த ஆளை ஏற்றப் போய்விட்டாள்.

அக்டோபர் 9, வியாழன்

மறுபடியும் நின்றது, மறுபடியும் அதே ரேம்ப். டீச்சர் இன்று வீல்சேர் வரக் காத்திருக்காமல் ஜெபக்கனி தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தே போனார்.

சோலினாய்டுக்கு வரும் வயரைக் கழற்றி மீட்டர் வைத்துப் பார்த்தேன். நாற்பத்தெட்டு வோல்ட் முழுசாக வந்துகொண்டிருந்தது. வரவேண்டியது வருகிறது, வந்தும் டக் இல்லை என்றால் சோலினாய்டு செத்துவிட்டது என்றுதானே அர்த்தம்? ஸ்டோரில் புதிது ஒன்று இருந்தது. மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டு மாற்றினேன். டக், டக், டக். பத்துத் தடவை மிதிக்கச் சொன்னேன், பத்துத் தடவையும் வந்தது. பிடித்துவிட்டேன் கள்ளனை.

அக்டோபர் 10, வெள்ளி

136. வண்டி ஓடுகிறது.

அக்டோபர் 11, சனி

நின்றுவிட்டது.

பெடலுக்கு அடியில் இருக்கும் சின்ன சுவிட்சையும் மாற்றினேன். அரை மணி நேரம் ஓடி, பார்மசி வாசலில் நின்றது. கழற்றிய பழைய சோலினாய்டைத் தனியாக வைத்துச் சோதித்தால் அது ஜம்மென்று வேலை செய்கிறது. அநியாயமாக அதைச் செத்ததாகச் சொல்லிவிட்டேன்.

எலக்ட்ரிக்கலில் மூன்று பேர் செய்த வேலையை ஒன்றரை வருடமாக நான் ஒருவனே பார்க்கிறேன். இன்று மட்டும் இரண்டு ஏசி, ஒரு லிஃப்ட், பிரசவ வார்டில் ஒரு ஃபேன். கையில் உள்ள ஸ்பேனரை எங்கே வைத்தேன் என்று தேடுகிற அளவுக்கு அலுப்பு.

ஜெபக்கனி திரும்பவும் "அந்த டப்பா" என்று ஆரம்பித்தாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "நீ எலக்ட்ரீஷியனா, நான் எலக்ட்ரீஷியனா?" என்று கேட்டேன். "நீங்கதான் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு வண்டியைத் துடைக்கப் போனாள்.

அக்டோபர் 14, செவ்வாய்

149. நேற்றுச் சாயங்காலம் பக்கத்து வீட்டு அல்வா. ஒரு வாய்தான்.

காலையில் தாணுமூர்த்தி சார் கூப்பிட்டார். "என்னவே, ரெண்டு வாரமா ஒரு வண்டியோட மல்லுக்கட்டுதீரு? மேல கேக்காவ. என்ன காரணம்னு இன்னைக்கு எழுதிக் குடும்."

காரணம் தெரிந்தால்தானே எழுதுவதற்கு! தெரியவில்லை என்று எழுத முடியுமா? எனக்கு ஐம்பத்தொன்பது வயது. வருடத்துக்கு ஒரு தடவை நீட்டிப்புக் கடிதம் வந்து அதில் ஓடுகிறேன். அடுத்த கடிதம் நவம்பர் ஒன்றாம் தேதி வரவேண்டும். இதற்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, நினைவு வந்ததால் எழுதினேன்.

லாக்புக்கில் இப்படி எழுதினேன்: 'வண்டியைக் கழுவும்போது மின் பாகங்களில் தண்ணீர் புகுந்திருக்க வாய்ப்பு உள்ளது.'

வாய்ப்பு உள்ளது என்றுதான் எழுதினேன், புகுந்தது என்று எழுதவில்லை. ஜெபக்கனி ஹோஸ் பிடித்துக் கழுவுகிறவள் இல்லை. ஒரு வாளித் தண்ணீர், ஒரு துணி, பிழிந்து துடைப்பாள். அது எனக்குத் தெரியும். பொதுவாக எழுதி வைத்தேன். சாரும் படித்துவிட்டுத் தலையாட்டினார்.

அக்டோபர் 16, வியாழன்

மழை தொடங்கிவிட்டது.

ஜெபக்கனிக்கு மெமோ. 'கவனக்குறைவாக வாகனத்தைக் கழுவியதால்' என்று ஆரம்பிக்கிறது. இந்த மாதம் முப்பத்தொன்றாம் தேதியோடு அவள் டிரைவர் ஒப்பந்தம் முடிகிறது. புதுப்பிக்க மாட்டார்களாம். வேண்டுமென்றால் பழைய வேலைக்குப் போகலாமாம்.

அவள் பழைய வேலை இதே ஆஸ்பத்திரியில் துடைப்பது. பதினொரு வருடம் இரண்டாம் மாடி வராந்தாவை மாப் போட்டாள். நாற்பது வயதில் டிரைவிங் பழகி லைசென்ஸ் எடுத்தாள். இந்த ஆஸ்பத்திரியில் வண்டி ஓட்டுகிற முதல் பொம்பிளை அவள்தான். காக்கிச் சட்டை கொடுத்த அன்று அதைச் சர்ச்சுக்குப் போட்டுக்கொண்டு போனதாகச் சொன்னாள். முன்னே அவளை "ஏ, மாப்பு" என்று கூப்பிட்ட வார்டு ஆயாக்கள் இப்போது "டிரைவரக்கா" என்கிறார்கள்.

மெமோவை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். "வாளித் தண்ணியிலதான அண்ணாச்சி தொடைக்கேன்? நீங்க பாத்திருக்கியள்லா?"

"பாத்திருக்கேன்."

"பின்ன ஏன் அப்படி எழுதுனிய?"

"வாய்ப்பு உண்டுன்னுதான் எழுதுனேன்" என்றேன். சொல்லும்போதே என் காதுக்கே கேவலமாக இருந்தது. அவள் சண்டை போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அக்டோபர் 18, சனி

ஜெபக்கனி இரண்டு நாளாக வண்டியில் துணிகூட வைக்கவில்லை. இன்றும் நின்றது. தொடவே இல்லையே என்று சாரிடம் சொன்னேன். "உள்ள போன தண்ணி உள்ளதானவே கெடக்கும்?" என்றார். அவர் டிப்ளமோ சிவில்.

அக்டோபர் 20, திங்கள். தீபாவளி

எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு டூட்டிக்கு வந்துவிட்டேன். கோமதி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். "அந்த வண்டிக்கு என்னத்தையோ செஞ்சு வச்சிருக்கிய, அதான் அது உங்கள விட மாட்டேங்குது" என்றாள். விளையாட்டுக்குத்தான் சொன்னாள்.

ஷெட்டில் ஆள் இல்லை. பேட்டரி காரும் நானும்தான். பழைய பெட்டியின் அடியிலிருந்து டெஸ்ட் லேம்ப்பை எடுத்தேன். இரண்டு லாரி பல்பை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து நானே செய்தது. டிஜிட்டல் மீட்டர் வந்த பிறகு, பாதுகாப்பு ஆடிட்காரர்கள் அதைத் தூக்கிப் போடச் சொன்னார்கள். போட மனசு வரவில்லை.

சோலினாய்டு வயரில் மீட்டர் வைத்தேன், நாற்பத்தெட்டு. அதே இடத்தில் லேம்ப்பை வைத்தேன். எரியவில்லை. எங்கோ தூரத்துப் பீடி நெருப்பு மாதிரி ஒரு சின்னச் சிவப்பு, அவ்வளவுதான்.

வேலை பழகிய முதல் மாதத்திலேயே சொல்லிக் கொடுக்கிற பாடம் இது. மீட்டருக்கு ஒரு சொட்டுக் கரண்ட் போதும், அதை வைத்துக்கொண்டு எல்லாம் சரி என்று சொல்லிவிடும். பல்ப் எரிய நிஜமான கரண்ட் வேண்டும். வழியில் எங்கோ இரண்டு தகடுகளுக்கு நடுவில் ஏதோ படிந்து தடுக்கிறது. சாவியிலிருந்து சோலினாய்டு வரை வருகிற வழியை விரல் விட்டு எண்ணினேன். சாவி சுவிட்சைப் பார்த்தேன், நன்றாக இருக்கிறது. பெடல் சுவிட்ச் புதுசு. வயர்களைத் தடவிப் பார்த்தேன், ஒன்றும் இல்லை.

லீவர் டப்பாதான் பாக்கி. நாலு ஸ்க்ரூ. ஆனால் அதற்குள் மழை வந்துவிட்டது, சின்ன ஸ்க்ரூ டிரைவர் வேறு ரூமில் இருந்தது. நாளைக்குப் பார்க்கலாம் என்று வந்துவிட்டேன்.

அக்டோபர் 21, செவ்வாய்

157. இன்று லிஃப்ட் வேலை. டப்பா திறக்க நேரம் இல்லை.

அக்டோபர் 22, புதன்

நேரம் இல்லை. பிளாஸ்டிக் மேல்தானே வைத்தேன்.

அக்டோபர் 23, வியாழன்

எழுதாமல் இருக்கலாம் என்று பார்த்தேன், முடியவில்லை.

காலை ஆறே முக்காலுக்கு நல்ல மழை. வண்டி ரேம்ப்பில் நின்றுவிட்டது. வண்டிக்கு மேலே கூரை உண்டு, பக்கவாட்டில் ஒன்றும் கிடையாது. சாரல் நேராக வடிவு டீச்சர் மேல் அடித்தது. வீல்சேர் எதுவும் காலியாக இல்லை. ஜெபக்கனி தன் காக்கிச் சட்டையைக் கழற்றி, உள்ளே போட்டிருந்த சுடிதாரோடு நின்றுகொண்டு, அதை டீச்சர் தலையில் போட்டாள். டயாலிசிஸ் ஊசி போடுகிற கை நனையக்கூடாது என்று அந்தக் கையை மட்டும் தன் வயிற்றோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு அவரை நடத்தினாள். நான் குடையோடு ஓடினேன். பாதி வழியில் டீச்சருக்கு மூச்சு வாங்கி, கைப்பிடிச் சுவரைப் பிடித்து நின்றுவிட்டார். உதடு வெளுத்துவிட்டது.

மெஷினில் போட முக்கால் மணி நேரம் தாமதம். அடுத்த ஆள் காத்திருப்பதால் அந்த முக்கால் மணி நேரத்தைத் திரும்பத் தர மாட்டார்கள். நான் ஓரமாக நின்றேன்.

"எத்தனை நாளா தம்பி இந்த வண்டி இப்படி?" என்று கேட்டார் டீச்சர்.

"மூணு வாரமா, டீச்சர்."

"அதுக்கு முன்னால என்ன மாத்துனீங்க? கணக்கு தப்பா வந்தா, கடைசியா எந்த வரியில கை வச்சோம்னுதான் பாக்கணும்."

ஒன்றும் மாற்றவில்லை டீச்சர் என்றேன். பொய் சொல்லும்போது மனுஷன் எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிடுகிறான்!

அக்டோபர் 24, வெள்ளி

திறந்தேன்.

பிளாஸ்டிக் குமிழ் லீவரோடு சேர்ந்து சுற்றுகிற குமிழ். முப்பத்தோரு வருடம் வேலை பார்த்தவனுக்கு அது தெரியாதா? தெரியும். அன்று பொட்டு அழகாக வந்த சந்தோஷத்தில் அந்த யோசனையே வரவில்லை. ஜெபக்கனி எலுமிச்சம்பழம் நசுக்க லீவரைத் தள்ளியபோதே ஈரச் சந்தனம் இழுபட்டிருக்கிறது. குமிழிலிருந்து செம்புத் தகட்டின் மேல் வளைவாக, மஞ்சளும் சிவப்புமாக ஒரு கோடு. காய்ந்து இறுகி, மழை ஈரத்தில் ஓரமெல்லாம் பச்சைக் களிம்பு. அதன் மேல்தான் மூன்று வாரமாகத் தகடு ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது. ஆட்டினால் ஓரிடத்தில் தொடும், வண்டி போகும். ரேம்ப்பில் ஏறும் குலுக்கலில் களிம்பின் மேல் நகர்ந்துவிடும், வண்டி நிற்கும்.

குமிழில் மீதியிருந்த பொட்டில் என் மோதிர விரலின் ரேகை அப்படியே காய்ந்திருந்தது.

ஈரத் துணியால் துடைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். லேம்ப்பை வைத்தேன், பளிச்சென்று எரிந்தது. மூடிவிட்டேன். லாக்புக்கில் 'லீவர் சுவிட்ச் சரிசெய்யப்பட்டது' என்று எழுதினேன். வீட்டுக்குப் போய்ச் சாப்பிடாமல் படுத்துவிட்டேன்.

அக்டோபர் 25, சனி

நாள் முழுவதும் வண்டி நிற்கவில்லை. தாணுமூர்த்தி சார் முதுகில் தட்டி, "உம்ம மாதிரி ஆளு இனிமே கெடைக்காது வே. உம்ம லெட்டருக்கு நல்லாவே எழுதியிருக்கேன்" என்றார்.

மெமோவைப் பற்றிக் கேட்டேன். "அது முடிஞ்ச கதை. பழுது பாத்தாச்சு, பழுதாக்குன ஆள வைக்க முடியுமா?" என்றார். சரி சார் என்று வந்துவிட்டேன்.

அக்டோபர் 28, செவ்வாய்

163. அல்வாவெல்லாம் இல்லை. ஏறுகிறது.

நவம்பரிலிருந்து வண்டிக்கு வேறு ஆள் எடுக்கிறார்களாம். ஜெபக்கனி இன்று காக்கிச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வந்திருந்தாள். இன்னும் மூன்று நாள்தானே, நல்லபடியாகப் போட்டுக்கொள்கிறேன் என்று யாரிடமோ சொல்வது காதில் விழுந்தது.

அக்டோபர் 30, வியாழன்

மதியம் ஷெட்டில் வண்டிக்குச் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. ஜெபக்கனி சாப்பிட்டு முடித்து டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டிருந்தாள். போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், "உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றேன்.

"சந்தனந்தான அண்ணாச்சி?" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"எப்பத் தெரியும்?"

"அன்னைக்கே. நீங்க பொட்டு வச்சு மூடினிய. நான் லீவரத் தள்ளயில மெத்துமெத்துன்னு என்னமோ கையில தட்டுச்சு. பொறவு வண்டி நிக்க ஆரம்பிச்சதும் அதுதாம்னு நெனச்சேன்."

"நெனச்சா சொல்லியிருக்கலாம்லா? மூணு வாரமா நாயா அலைஞ்சேனே!"

"டப்பாவத் தொறந்து பாருங்கன்னு எத்தன தரம் சொன்னேன்?"

"சந்தனம்னு சொல்லலயே நீ."

டிபன் பாக்ஸைத் துடைத்து மூடினாள். "நீங்க சாமி கும்பிட்டு வச்சது அண்ணாச்சி. மதினி கை வலிக்க இழைச்சுக் குடுத்துதுன்னு வேற சொன்னிய. அதால வண்டி கெட்டுப் போச்சுன்னு வேற யாரு சொன்னாலும் பழுதுன்னு எடுத்துக்கிடுவாவ. ஜெபக்கனி சொன்னான்னா எப்படி எடுத்துக்கிடுவாவ? எம் பேரு ஒண்ணு போதும்லா. அப்படி ஒரு பேச்சு இந்த ஆஸ்பத்திரியில என்னால வரவேண்டாம்னு இருந்துட்டேன். நீங்களாத் தொறந்து பாத்தா தெரிஞ்சிட்டுப் போவுதுன்னு நெனச்சேன்."

மெமோ வந்த பிறகுமா என்று கேட்டேன்.

"மெமோவுக்கு அப்புறம் சொன்னா, தப்பிக்கிறதுக்குச் சாமி மேல பழி போடுதான்னு ஆயிரும்."

அழுதுவிடுவேனோ என்று எழுந்து வந்துவிட்டேன். என்னைவிடப் பதினாறு வயது சின்னவள். நான் இத்தனை நாள் என் கடிதத்தை நினைத்துக்கொண்டிருந்தேன், அவள் என் பூஜைக்கு ஒரு குறை வரக்கூடாது என்று தன் சட்டையைக் கழற்றிக் கொடுக்கத் தயாராக இருந்திருக்கிறாள். வெட்கமாக இருக்கிறது. இதை இதற்குமேல் எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

கோமதியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "இத என்கிட்டச் சொல்லி என்ன செய்ய? சொல்ல வேண்டிய எடத்துல சொல்லுங்க. லெட்டர் வராட்டி வீட்டுல கெடங்க, பாத்துக்கிடலாம்" என்றாள்.

அக்டோபர் 31, வெள்ளி

காலை எட்டரைக்கு லாக்புக்கைத் திறந்து எழுதினேன். முதல் தடவையாக லாக்புக்கில் இத்தனை வாக்கியங்கள்:

'14ஆம் தேதி நான் எழுதிய காரணம் தவறு. வண்டியில் தண்ணீர் புகவில்லை. ஆயுத பூஜை அன்று லீவர் டப்பாவைத் திறந்து உள்ளே சந்தனம் வைத்தேன். அது தகட்டில் படிந்து வண்டி நின்றது. டிரைவர் மேல் தவறு இல்லை. தவறு என்னுடையது. பேச்சிமுத்து, எலக்ட்ரீஷியன்.'

சாரிடம் கொண்டுபோய் நீட்டினேன். படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் படித்தார்.

"வே, இது நிர்வாகம் வரைக்கும் போற புக்கு. பூஜையால வண்டி கெட்டுதுன்னு எழுதுவீரா? காண்டாக்ட்ல அரிப்புன்னு எழுதும், முடிஞ்சுது."

"அரிப்புன்னு எழுதுனா தண்ணியாலன்னுதான சார் நெனப்பாவ? மறுபடியும் அவ தலையிலதான விடியும்."

"அதுக்காவ பூஜைய இழுப்பீரா?"

"பூஜையால இல்ல சார். என்னால. பொட்டு வைக்கக்கூடாத எடத்துல வச்சேன். எலக்ட்ரீஷியன் செய்யுத வேலையா அது?"

அவரும் கெட்ட மனுஷன் இல்லை. அன்று கற்பூரம் காட்டியவர் அவர்தானே, அவருக்கும் சங்கடம் இருக்கும். "உம்ம லெட்டரு இன்னைக்குத்தான் டைப் ஆவுது. யோசிச்சீரா?" என்றார்.

யோசித்துவிட்டேன் என்றேன். உண்மையில் நேற்றிலிருந்து எதையும் யோசிக்கவே இல்லை, அவ்வளவு களைப்பு. அவர் புத்தகத்தை மூடி, அட்டையின் மேல் கையை வைத்துக்கொண்டு, "சரி, போம்" என்றார்.

நவம்பர் 1, சனி

129.

காலை ஆறரைக்கே போய்விட்டேன். நோட்டீஸ் போர்டில் ஒப்பந்தக்காரர்கள் பட்டியல் ஒட்டியிருந்தது. வரிசையாக விரல் வைத்துத் தேடினேன். பதினேழாவதாக இருந்தது: 'ஜெபக்கனி, வாகன ஓட்டுநர், ஓராண்டு.' பேனாவால் எழுதிச் சேர்த்திருந்தார்கள். எழுத்து தாணுமூர்த்தி சாருடையது.

என் கவர் செக்யூரிட்டியிடம் இருந்தது. மூன்று மாதம். ஜனவரி முப்பத்தொன்றோடு சரி, அதற்குள் புது ஆளுக்கு வேலையை ஒப்படைக்க வேண்டுமாம். மடித்துப் பைக்குள் வைத்தேன்.

கேட்டில் வண்டி நின்றது. வடிவு டீச்சர் ஏறி உட்கார்ந்திருந்தார். ஜெபக்கனி இஸ்திரி போட்ட காக்கியில் இருந்தாள். பட்டியலைப் பார்த்துவிட்டாள் என்பது முகத்திலேயே தெரிந்தது. நான் பின் சீட்டில் ஏறிக்கொண்டேன்.

"என்ன தம்பி, கணக்கு சரியாயிட்டா?" என்று டீச்சர் திரும்பிக் கேட்டார்.

"ஆயிட்டு டீச்சர். நீங்க சொன்ன வரியிலதான் தப்பு இருந்துது."

ஜெபக்கனி கண்ணை மூடி ஒரு நொடி ஜெபம் செய்தாள், தினமும் செய்வதுதான். பெடலை மிதித்தாள். டக். வண்டி கிளம்பியது.

ரேம்ப் வந்ததும் நான் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். நடுப்பகுதி தாண்டிய பிறகுதான் ஜெபக்கனி தலையைத் திருப்பாமல் சொன்னாள்:

"அண்ணாச்சி, அடுத்த வருசப் பூசைக்குப் பொட்ட வெளிய வச்சாப் போதும், என்ன? உள்ள இருக்கத அவரு பாத்துக்கிடுவாரு."

டீச்சர் சிரித்தார். நானும் சிரித்தேன். பைக்குள் கவர் நெஞ்சில் குத்திக்கொண்டிருந்தது. அடுத்த பூஜைக்கு நான் இங்கே இருக்கப் போவதில்லை என்று அவளுக்கு இன்னும் தெரியாது. இன்று சொல்ல மனசு வரவில்லை.

"சரிம்மா, வெளியவே வைக்கேன்" என்றேன். மேலே போய்ச் சேரும்வரை வண்டி எங்கும் நிற்கவில்லை.